மூன்று பயிலரங்கம் முடிந்தும் ஒருவரும் மாறவில்லை. ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு எப்படித்தான் உதவுவது?

வெண்கட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் நான் தொடங்கும் முதல் இழை.

நான் இயற்பியல் ஆசிரியை. போன பருவத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் "ஆன்லைன் கற்பித்தல் உதவிப் பிரிவு" என்று ஒன்றைத் தொடங்கி, ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, ஒரு மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மூடுல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் எனக்கு க்விஸ் போடத் தெரியும்!

சரி, வந்த வேலையைச் செய்வோம் என்று மூன்று பயிலரங்கம் நடத்தினேன். முதலாவது மூடுல் அறிமுகம், அடுத்தது வீடியோ பதிவு, மூன்றாவது க்விஸும் மதிப்பெண் பதிவேடும். அரங்கு நிறையத்தான் ஆட்கள் வந்தார்கள். கேள்வி கேட்டார்கள், பாராட்டினார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு பாடத்தின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். முக்கால்வாசிப் பக்கங்களில் இருந்தது ஒன்றே ஒன்று: "யூனிட்1_ஃபைனல்_புதுசு" என்று பெயர் வைத்த பழைய பிபிடி. வகுப்பு என்றால் ஸ்கிரீனை ஷேர் செய்துவிட்டு 60 நிமிடம் பேசுவது. நடுவில் "கேட்குதா? கேட்குதா?"

நான் எங்கே தப்பு செய்கிறேன்? இன்னும் எளிய கருவி பார்க்கணுமா, இன்னும் நீண்ட பயிற்சி கொடுக்கணுமா? இல்லை, கேள்வியே தப்பா? இந்த வேலையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

சர்வர்காரன்:

மேடம், நான் எல்எம்எஸ் நிர்வாகி, அதாவது மூடுல் மாதிரி பாடத் தளத்தைப் பாத்துக்கறவன். பாடம் எடுக்கிறவன் இல்லை, அதனால பாடம் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு வர்ற புகார்களைப் பத்திச் சொல்றேன்.

முதல் வாரம் பாஸ்வேர்டு. அப்புறம் ஒரு மாசம் அமைதி. உள் மதிப்பெண் தேர்வு வர்ற வாரம் ஒரேயடியா வந்து விழும். "க்விஸ் திறக்கலை", "மார்க் மாணவனுக்குத் தெரியலை", "ரெண்டு பேருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கணும், எப்படி?" எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல.

உங்க பயிலரங்கம் பருவத் தொடக்கத்துல. தேவை வர்றது எட்டாவது வாரம். அதுக்குள்ள கேட்டதெல்லாம் ஆவியாகிடும். இன்னொண்ணு, புகார் அனுப்புறவங்க பாதிப் பேருக்கு மாணவன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னே தெரியாது. மூடுல்ல உங்க பெயரை அழுத்தினா வர்ற பட்டியல்ல "ரோலை மாற்று" இருக்கு. அங்க ஸ்டூடென்ட்னு மாத்தி ஒரு தடவை பக்கத்தைப் பாருங்கன்னு சொன்னாலே பாதிப் புகார் குறைஞ்சிடும். பயிலரங்கத்துல இதை யாரும் சொல்லித் தர்றதில்லை. ஏன்னு எனக்குப் புரியலை.

---

பாடவடிவம்:

வெண்கட்டி, உங்கள் நிலைமையில் நானும் இருந்திருக்கிறேன். பத்து வருடமாகப் பாட வடிவமைப்புதான் என் முழுநேர வேலை.

தாமஸ் கஸ்கி என்ற கல்வி ஆய்வாளர் 1986-இல் ஒரு கட்டுரை எழுதினார். பயிற்சி கொடுப்பவர்கள் எல்லாரும் ஒரு வரிசையை மனதில் வைத்திருக்கிறோம்: முதலில் ஆசிரியரின் மனதை மாற்றணும், மனம் மாறினால் கற்பிக்கும் முறை மாறும், அதன்பின் மாணவர் தேறுவார். அவர் அந்த வரிசையைப் புரட்டிப் போட்டார். ஆசிரியர் ஒன்றைச் செய்து பார்க்கிறார், தன் மாணவரிடம் பலன் தெரிகிறது, அதன் பிறகுதான் நம்பிக்கை வருகிறது. அரங்கில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் நம்பிக்கை வராது. சொந்த வகுப்பில் ஒரு தடவை பலித்தால் போதும், வந்துவிடும்.

அதனால் நான் பயிலரங்கத்தை விட்டுவிட்டு ஒரு ஆசிரியர், ஒரு பாடம், ஒரு வாரம் என்று உட்கார ஆரம்பித்தேன். முதலில் கேட்பது இதுதான்: "எந்த வாரத்தில் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள்?" எல்லா ஆசிரியருக்கும் இதற்குப் பதில் தெரியும். கேட்டதுமே முகம் மாறும். "அதை ஏன் கேட்கிறீர்கள், அந்த மூன்றாவது யூனிட்…" என்று தொடங்கிவிடுவார்கள். அந்த வாரம் முடிந்ததும் மாணவர் கையால் என்ன செய்ய வரணும், வகுப்பறையில் இதை எப்படிச் சமாளித்து வந்தீர்கள் என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான் கருவியைப் பற்றிய பேச்சே. பல நேரம் அந்தப் பேச்சு வராமலே வேலை முடிந்துவிடும்.

ஒரு புள்ளியியல் ஆசிரியருடன் இப்படி உட்கார்ந்தேன். சிக்கல் பி-மதிப்பு என்ற புள்ளியியல் சோதனை எண்ணில். சூத்திரம் எல்லாருக்கும் வருகிறது, பொருள் ஒருவருக்கும் புரியவில்லை. வீடியோ எதுவும் எடுக்கவில்லை. வேண்டுமென்றே தப்பாக எழுதிய நான்கு விளக்கங்களைப் போட்டு, "இதில் எது குறைவான தப்பு, ஏன்?" என்று விவாதப் பகுதியில் கேட்டோம். சொந்தப் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர் பதில் தெரியும்படி வைத்தோம், மூடுலில் அதற்கென்றே ஒரு விவாத வகை இருக்கிறது. வேலை நாற்பது நிமிடம். அந்த ஆசிரியர் இன்று என்னைவிட நன்றாகக் கேள்வி அமைக்கிறார்.

---

பழையபேனா:

இருபத்தெட்டு ஆண்டுகளாக இலக்கியம் நடத்துகிறேன். இங்கே எதிர்க்கட்சி யாரும் இல்லை போலிருக்கிறது, நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

வகுப்பில் நுழையும்போதே அன்றைய வகுப்பின் முகம் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு பாடலைப் படித்துவிட்டு நிறுத்தினால், யார் கண் தாழ்ந்தது, யார் ஜன்னல் பக்கம் திரும்பினார் என்று பார்த்து அடுத்த சொல்லை எடுப்பேன். ஆன்லைனில் எனக்குக் கிடைப்பது ஐம்பத்து நான்கு கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. கல்லறைத் தோட்டத்தில் நின்று கவிதை வாசிப்பதுபோல் இருக்கிறது.

இதைச் சொன்னால், பயிற்சி தர வந்தவர் எனக்குப் புள்ளிகளும் பதக்கங்களும் கொடுக்கும் ஒரு செயலியைக் காட்டினார். அம்மா வெண்கட்டி, உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் இழந்தது இன்னது என்று ஒருவராவது ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் தரும் மாற்று என் காதில் ஏறும்.

---

கடைசிபெஞ்ச்:

நான் முதுகலை மாணவன். இங்க எழுதலாமான்னு தெரியல, திட்டினா போயிடறேன்.

ஐயா, கேமராவை நாங்க திமிர்ல அணைக்கறது இல்லீங்க. சில பேருக்கு டேட்டா பத்தாது. சில பேருக்குப் பின்னாடி வீடே நடந்துட்டிருக்கும். எனக்கு ரெண்டுமே.

ஆனா எங்களுக்குப் பெரிய தலைவலி கேமரா இல்ல. எனக்கு ஆறு பேப்பர். ஒருத்தர் மூடுல், ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப், ஒருத்தர் கூகுள் கிளாஸ்ரூம், ஒருத்தர் மெயில், ஒருத்தர் வகுப்புல வாயால சொல்றதோட சரி. இன்னொருத்தர் டெலிகிராம்ல பிடிஎஃப் போட்டுட்டு ஸூம் சாட்ல தேதி சொல்வாங்க. எந்த அசைன்மென்ட் எங்க இருக்குன்னு தேடறதுக்கே ஒரு நோட்டு வெச்சிருக்கேன். பாடம் கஷ்டமா இருந்தா படிச்சுக்கலாம். பாடம் எங்க இருக்குன்னே தெரியலன்னா?

உங்க பயிலரங்கத்துல ஒண்ணே ஒண்ணு கத்துக்கொடுங்க மேடம். எல்லாரும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி.

---

பாடவடிவம்:

கடைசிபெஞ்ச், போகாதீர்கள். இந்த இழையில் உபயோகமான பதிவு உங்களுடையதுதான்.

பழையபேனா ஐயா, நீங்கள் இழந்தது உண்மையான இழப்பு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கேமராவை வலுக்கட்டாயமாகப் போடச் சொன்னாலும் அது திரும்ப வராது. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜெரமி பெய்லன்சன், வீடியோ கூட்டம் ஏன் களைப்பைத் தருகிறது என்று 2021-இல் எழுதினார். மிக அருகில் விலகாமல் பார்க்கும் கண்கள், எந்நேரமும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் உட்கார்ந்திருப்பது, முகக்குறிப்பு பிடிபடாமல் மூளை கூடுதலாக உழைப்பது என்று நான்கு காரணங்கள் சொல்கிறார். கட்டங்களில் முகம் தெரிந்தாலும் நீங்கள் தேடும் அந்த முகம் அதில் இருக்காது.

ஆனால் உங்கள் "நிறுத்தம்" இருக்கிறதே, அதைக் காப்பாற்றலாம். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன. ஆன்லைனில் மைக்கைத் திறக்கவே ஐந்து விநாடி ஆகும். நீங்கள் மூன்றில் பொறுமை இழந்து நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். எல்லாரும் அப்படித்தான், நானும்தான்.

ஒன்று செய்து பாருங்கள். பாடலைப் படியுங்கள். "உங்களை நிறுத்திய ஒரு சொல்லைச் சாட்டில் அடியுங்கள், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு முழு நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு "இப்போது" என்று சொல்லுங்கள். ஐம்பத்து நான்கு சொற்கள் ஒரே நேரத்தில் வந்து விழும். அதில் அன்றைய வகுப்பின் முகம் கொஞ்சமாவது தெரியும்.

---

மணிக்கணக்கு:

எல்லாம் சரி. இந்த நாற்பது நிமிடம் யாருடைய நாற்பது நிமிடம்?

நான் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியர். வகுப்பில் நின்ற மணிக்குத்தான் காசு. ஆன்லைன் பாடத்தின் உழைப்பில் முக்கால் பங்கு வகுப்புக்கு முன்னால் நடக்கிறது. அதற்கு என் கணக்கில் ஒரு பைசா கிடையாது. 2020 மார்ச்சில் சார்லஸ் ஹாஜஸும் நண்பர்களும் எழுதிய கட்டுரையை இங்கே நிறையப் பேர் படித்திருப்பீர்கள். அவசரத்தில் வகுப்பை இணையத்துக்கு மாற்றுவது வேறு, திட்டமிட்ட ஆன்லைன் கல்வி வேறு என்று பிரித்துச் சொன்ன கட்டுரை. முழு ஆன்லைன் பாடம் ஒன்றைத் தயாரிக்க வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்று அதிலேயே இருக்கிறது. எனக்குப் பாடம் ஒதுக்கிய ஆணை வந்தது வகுப்புக்கு ஒன்பது நாள் முன்னால்.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1969-இல் தொடங்கியபோது பாடம் தயாரிக்கக் குழு வைத்தார்கள். எழுதும் பேராசிரியர்கள் தனி, பிபிசி தயாரிப்பாளர்கள் தனி, பதிப்பாசிரியர் தனி. அங்கே ஒரு குழு செய்த வேலையை இங்கே ஒற்றை ஆள் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு ஊக்கம் போதவில்லை என்று பயிலரங்கம் வைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. நான் பதிவு செய்யும் வீடியோ யாருடையது? அடுத்த பருவம் எனக்கு வேலை இல்லை என்றாலும் என் குரல் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருக்குமா? இதற்கு எழுத்தில் பதில் வரும்வரை நான் எதையும் பதிவு செய்வதாக இல்லை. இதைத் தொழில்நுட்ப பயம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

---

வெண்கட்டி:

மணிக்கணக்கு, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் பயிலரங்கத்துக்கு வந்தவர்களில் மணிக்கணக்கு ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். மூவர். ஆன்லைன் வகுப்புகளில் பாதிக்கும் மேல் அவர்கள்தான் எடுக்கிறார்கள். பயிலரங்க நேரத்தில் அவர்களுக்கு வகுப்பு இருந்திருக்கிறது. அட்டவணை போட்டது நான்தான்.

---

முன்னாள்டீன்:

நிர்வாகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒரு வாக்குமூலம். நாங்கள் ஒரு காலத்தில் கட்டாயமாக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து வீடியோ, ஐந்து க்விஸ், ஒரு விவாதம். எல்லாப் பெட்டியும் நிரம்பியது. விவாதப் பகுதியில் ஆசிரியர் "வணக்கம்" என்று போட்டிருப்பார், கீழே நாற்பது மாணவர் "வணக்கம் சார்". அறிக்கையில் நூற்றுக்கு நூறு.

கட்டாயம் என்று ஒன்று வைக்கலாமென்றால் கடைசிபெஞ்ச் சொன்னதை மட்டும் வையுங்கள். எங்கே இருக்கும், எந்தப் பெயரில் இருக்கும், எந்த நாளில் வரும். வீட்டு வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும், உள்ளே சமையல் அவரவர் பாடு. மேலிடத்தில் கேட்க வேண்டியது மென்பொருள் உரிமம் இல்லை. முதல் தடவை ஆன்லைன் பாடம் எடுப்பவருக்கு ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். மென்பொருள் வாங்கச் சொன்னால் கையெழுத்து உடனே கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

---

தொகையீடு:

கணித ஆசிரியன் எவனுக்காவது பொதுப் பயிலரங்கத்தால் பலன் இருந்ததா? எங்களுக்கு விசைப்பலகையே எதிரி. ஒரு தொகையீட்டை அடிப்பதற்குள் மாணவன் தூங்கிவிடுவான். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே போனைக் கவிழ்த்து வைத்து, கேமரா கீழே காகிதத்தைப் பார்க்கும்படி செய்துதான் நான் முதல் பருவத்தை ஓட்டினேன். இன்றும் அதுதான். கை எழுதும் வேகத்தில்தான் மூளை கணக்கைத் தொடர்கிறது.

அசைன்மென்ட் வேறு கதை. போனில் எடுத்த 120 படங்கள். பாதி தலைகீழ், கால்வாசியில் விரல். கண் போய்விட்டது. அப்புறம் இன்னொரு கணிதக்காரர் ஸ்டாக் என்ற வினா வகையைக் காட்டினார். கிறிஸ் சாங்வின் உருவாக்கியது, மூடுலோடு சேரும். பின்னால் மாக்ஸிமா என்ற இயற்கணித மென்பொருள் ஓடுகிறது. மாணவன் விடையை எந்த வடிவில் எழுதினாலும் அது சரிதானா என்று பார்க்கும். ஒவ்வொரு மாணவனுக்கும் வேறு எண் கொடுக்கும். குறிப்பிட்ட தப்புக்குக் குறிப்பிட்ட பதிலும் சொல்லும், "மாறிலியை மறந்துவிட்டாய்" என்று. முதல் கேள்வி செய்ய எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. இருபதாவது கேள்விக்குக் கால்மணி நேரம்.

பொதுவான உதவியாளர் யாரும் இதைச் சொல்லித் தந்திருக்க முடியாது. பாடம் தெரிந்தவர்தான் எந்தத் தப்பை எதிர்பார்க்கணும் என்று சொல்ல முடியும். மிஷ்ராவும் கோலரும் 2006-இல் எழுதிய டிபேக் சட்டகம் சொல்வதும் இதைத்தான்: தொழில்நுட்ப அறிவு, கற்பிக்கும் அறிவு, பாட அறிவு மூன்றும் கலக்கும் இடத்தில்தான் வேலை. மூன்று வட்டம் வரைந்த அந்தப் படத்தை எல்லாப் பயிற்சியிலும் காட்டுகிறார்கள். காட்டிவிட்டு முதல் வட்டத்தை மட்டும் நடத்துகிறார்கள்.

---

ஒலிவழி:

நான் பார்வை இல்லாத ஆசிரியர், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் வழியாக வேலை செய்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் எனக்கு வெறும் படம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்னும் மோசமானது பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பு. உங்கள் கண்ணுக்கு பாமினியில் அழகான தமிழ். என் காதுக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த இரைச்சல். அதைத் தேடவும் முடியாது. யூனிகோடில் அடித்திருந்தால் விலையில்லாமல் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானே தமிழில் படித்துவிடும். துறை அலமாரியில் இருக்கும் பழைய பாடக்குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தருவதை உதவிப் பிரிவு தன் வேலையாக எடுத்துக்கொண்டால், எந்தப் பயிலரங்கத்தையும்விட அது பெரிய உதவி.

வகுப்பில் "இதோ இங்கே பாருங்கள்", "சிவப்பில் இருப்பதைக் கவனியுங்கள்" என்கிறார்கள். இங்கே என்றால் எங்கே? வாயால் சொல்லிவிட்டால் எனக்கும் புரியும், மங்கலான திரையில் பார்ப்பவருக்கும் புரியும், போனைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் காதால் மட்டும் கேட்பவருக்கும் புரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச மாறுபாடு வேண்டும் என்று, இணையப் பக்கங்கள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதி சொல்கிறது. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து போடும் சக ஆசிரியர்களுக்கு, அதுவும் என் நண்பர்களுக்கு, இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

---

சர்வர்காரன்:

காதால கேக்கறதுன்னு சொன்னதும் ஒரு கணக்கு ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரப் பேச்சை நொடிக்கு 32 கிலோபிட் ஒலியா பதிவு செஞ்சா சுமார் 14 எம்பி. அதே ஒரு மணி நேரத்தை நொடிக்கு 500 கிலோபிட் வீடியோவா வெச்சா 225 எம்பி. கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. அந்த வீடியோல இருக்கறது அசையாத பிபிடியும் மூலையில ஒரு முகமும்தான். ஒலிக் கோப்பு ஒண்ணு, பிபிடி ஒண்ணு தனித்தனியா போட்டா என்ன குறைஞ்சிடும்?

அப்புறம், 300 பேருக்கு க்விஸ்ஸை 10 மணிக்குத் திறந்து 10.30-க்கு மூடாதீங்க. எல்லாரும் ஒரே நொடியில வந்து கதவைத் தள்ளுவாங்க. காலைல திறந்து ராத்திரி மூடுங்க, உள்ளே போனதுக்கப்புறம் 30 நிமிஷம்னு வையுங்க. வினா வங்கியில இருந்து ஆளுக்கொரு கேள்வி எடுக்கச் சொல்லுங்க.

---

தொகையீடு:

வீடியோ என்றால் ஆறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறார்களே, அது ஏதாவது விதியா? என் நிரூபணம் ஒன்று பதினெட்டு நிமிடம். மூன்றாக வெட்டினால் செத்துப்போகும்.

---

பாடவடிவம்:

விதி இல்லை. 2014-இல் பிலிப் குவோவும் சகாக்களும் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், வரிசையில் நடுவில் வரும் மாணவர் (மீடியன்) உட்காருவது அதிகபட்சம் ஆறு நிமிடம் என்று வந்தது. ஆனால் அது யாரும் வந்து யாரும் போகும் திறந்த பாடம். உங்கள் மாணவர் மதிப்பெண்ணுக்குப் படிப்பவர். கதை வேறு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: பெரிய செலவில் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிய வீடியோக்களும், கையால் எழுதிக்கொண்டே விளக்கியவையும் மாணவரை அதிகம் இழுத்திருக்கின்றன. உங்கள் புத்தக அடுக்குக் கேமராவை யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள்.

நிரூபணத்தை வெட்ட வேண்டாம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, "அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டுத் தொடருங்கள்" என்று சொன்னால் போதும்.

---

பழையபேனா:

எல்லாம் பேசுகிறோம், வீட்டுக் கட்டுரையைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து என் மாணவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒரே நடையில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒற்றுப்பிழைகூட இல்லை. ஒற்றுப்பிழை இல்லாததுதான் முதல் சந்தேகம்.

---

பாடவடிவம்:

அது தனி இழைக்கான விஷயம் ஐயா. சுருக்கமாகச் சொன்னால், இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள், அது அப்பாவியையும் பிடிக்கும். கட்டுரையின் மதிப்பெண்ணைப் பாதியாக்கி, மீதியை அதே கட்டுரை பற்றிய ஐந்து நிமிட நேர்ப்பேச்சுக்குக் கொடுங்கள். ஐம்பத்து நான்கு பேர் என்றால் நான்கரை மணி நேரம். அந்த நேரத்தை யார் தருவார் என்று மணிக்கணக்கு கேட்பார். கேட்பது நியாயம்தான்.

---

வெண்கட்டி:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நான்காவது பயிலரங்கத்தை ரத்து செய்தேன். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், என் மேசையை விட்டு ஒவ்வொரு துறையின் ஆசிரியர் அறைக்கும் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒருவர் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று வந்தார். பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்தேன். போகும்போது, "அந்தச் சுழல் இயக்க யூனிட் இருக்கே…" என்று ஆரம்பித்தார். அங்கிருந்துதான் தொடங்கியது.

இதுவரை நான்கு பேர், ஆளுக்கு ஒரு வாரப் பாடம். இரண்டு நன்றாக வந்தன. ஒன்று சுமார். ஒன்று முழுத் தோல்வி: வேதியியல் ஆசிரியை ஒருவருக்கு நானே ஆர்வக்கோளாறில் நாலு கருவிகளைத் திணித்துவிட்டேன். அவர் மரியாதையாக விலகிக்கொண்டார். இப்போது என்னைக் கண்டால் போன் பேசுவதுபோல் நடக்கிறார்.

வாசல் ஒன்றாக இருக்கும் யோசனை ஒரு துறையில் மட்டும் நிறைவேறியது. ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசை: இந்த வாரம் என்ன, எதைப் படிக்கணும், எதைச் செய்யணும், எப்போது தரணும். வெறும் நான்கு வரி. அந்தத் துறை மாணவர்களிடமிருந்து "எங்கே இருக்கு மேடம்" என்ற மின்னஞ்சல் நின்றுவிட்டது. பாமினிக் கோப்புகளில் முப்பதைத்தான் மாற்ற முடிந்தது. ஒலிவழி, மன்னிக்கணும், ஆள் போதவில்லை.

வகுப்புக் குறைப்பு கேட்டேன். முன்னாள்டீன் சொன்னதேதான் நடந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம்.

---

மணிக்கணக்கு:

என் பக்கத்துச் செய்தி. தயாரிப்பு நேரத்துக்குக் காசு இல்லை என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பதிவுகளைப் பற்றி நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்ததில் ஒரு வரி எழுத்தில் வந்திருக்கிறது: ஆசிரியர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் பருவ முடிவில் பதிவு நீக்கப்படும். வெண்கட்டி, பகலில் வர முடியாத எங்களுக்காக நீங்கள் வைக்கும் மாலை நேர ஆன்லைன் சந்திப்புக்கு வருகிறேன். அரைமணி நேரம்தான். அதற்குமேல் இருக்க மாட்டேன்.

---

பழையபேனா:

அந்த "அனுப்பாதீர்கள்" வித்தையைச் செய்து பார்த்தேன். ஒரு நிமிட மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். பிறகு சொற்கள் விழுந்தன. பதினோரு பேர் ஒரே சொல்லைப் போட்டிருந்தார்கள். நான் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாடலில் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு சொல். அன்றைய வகுப்பு அதன் மேலேயே நின்றது, சிலபஸ் நகரவில்லை.

வகுப்பறைக்கு இது ஈடு என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமும் செய்வேன்.

---

தொகையீடு:

வெண்கட்டி மேடம், என்னிடம் நுண்கணிதத்துக்கு எண்பது ஸ்டாக் வினாக்கள் சேர்ந்துவிட்டன. வேறு யாராவது கணிதக்காரர் முதலிலிருந்து அவதிப்பட வேண்டாம். உங்கள் பிரிவு வழியாகப் பகிரலாமா? எந்த வடிவில் அனுப்பணும்?

---

சர்வர்காரன்:

மூடுல் எக்ஸ்எம்எல்ங்கற கோப்பு வடிவத்துல ஏற்றுமதி செஞ்சு அனுப்புங்க சார். வினா வங்கிக்குள்ளயே ஏற்றுமதின்னு இருக்கும். வகை வாரியா பிரிச்சு, பேர்ல தலைப்பு தெரியற மாதிரி வையுங்க. வேர்டு ஃபைல்ல மட்டும் அனுப்பிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.